ராதாரிச் சீட்டும் கைப்பேசியும்

ஐயம்பேட்டை நெசவாளர் ஒருவர், தறியிலிருந்து அறுத்த பட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்திற்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தி சாய்ந்தும் அவர் வீடு திரும்பவில்லை. முன்பென்றால் வீட்டார் வாசலில் நின்று, வரும் பேருந்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்று அவர் மகள் கைப்பேசியைத் திறந்து, அப்பா எந்தத் தெருவில் இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறாள். இந்த வசதியை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

"ஆள் எங்கே?" என்னும் இதே கேள்வியை, ஒரு நூற்றாண்டுக்கு முன் தமிழ்நாட்டில் அரசாங்கமும் கேட்டது. அந்தக் கதையை இன்றைய மாணவர்களில் பலர் அறியார்.

வட இந்தியாவில் 1871-இல் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-இல் புதிய வடிவெடுத்துச் சென்னை மாகாணத்திற்கும் வந்து சேர்ந்தது. அறிவிக்கப்பட்ட சாதியில் பிறந்ததே ஒருவரைப் பதிவேட்டில் ஏற்றிக் கைரேகை எடுக்கப் போதுமானதாயிற்று. பதிவானவர்கள் குறித்த வேளையில் அதிகாரி முன் ஆஜராக வேண்டும் என்றோ, குடியிருக்கும் இடத்தையும் ஊரை விட்டுச் செல்வதையும் தெரிவிக்க வேண்டும் என்றோ கட்டளையிட அச்சட்டத்தின் 10-ஆம் பிரிவு இடம் தந்தது. மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர் ஆண்கள் பலர் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' வாங்கிப் போய், சேர்ந்த ஊரில் அதைக் காட்ட வேண்டும். (பாரசீக மொழியில் 'ராஹ்' என்றால் வழி.) 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்த மக்கள் மீது போலீசார் சுட்டனர். மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் ஒழிந்தது.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். வானத்திலுள்ள செயற்கைக்கோள் நம்மை உற்றுப் பார்க்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஜி.பி.எஸ். கோள்கள் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. கேட்பவர் யாரென்று அவற்றிற்குத் தெரியாது. குறைந்தது நான்கு கோள்களின் குறிகள் வந்துசேர்ந்த கால வேறுபாட்டைக் கொண்டு, கைப்பேசிதான் கணக்குப் போட்டுத் தன் இடத்தை அறிகிறது. அமெரிக்க இராணுவத்திற்காக உருவான இம்முறையில், பொதுமக்களுக்கான குறியில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். 2000 மே மாதத்தில் அது நீக்கப்பட்ட பிறகே, ஏறக்குறைய 100 மீட்டராக இருந்த பிழை வெகுவாகக் குறைந்தது.

ஆகவே, இடத்தை அறிவது ஒன்று. அறிந்ததை வெளியே சொல்வது வேறொன்று. இரண்டாவதற்கு நாம்தான் 'அனுமதி' என்னும் பொத்தானை அழுத்துகிறோம். வெளிச்சம் காட்டும் செயலிக்கு உங்கள் தெரு எதற்கு என்று என்றைக்காவது கேட்டதுண்டா? நெசவாளர் விரும்பினால் மகளுக்குக் காட்டுவதை நிறுத்திவிடலாம். ராதாரிச் சீட்டை அப்படிக் கிழித்தெறிய முடியாது.

இந்த வேறுபாடு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்திருந்தனர். பின்னர் டில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், ஜாமீனில் செல்பவர் கூகுள் வரைபடத்தில் தம் இருப்பிடத்தைக் குறித்து விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அப்படிக் குறிப்பதால் ஆளை நொடிக்கு நொடி பின்தொடர முடியாது என்று கூகுள் நிறுவனமே உச்ச நீதிமன்றத்தில் விளக்கியது. 2024 ஜூலை 8 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் அந்நிபந்தனையை நீக்கினர். ஜாமீனில் உள்ளவரின் ஒவ்வோர் அசைவையும் போலீசார் தொடர்ந்து அறியச் செய்யும் நிபந்தனை, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்கு முரணானது என்றனர்.

ஜி.பி.எஸ்.ஸை அணைத்துவிட்டால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. உங்களுக்கு அழைப்பு வரவேண்டுமானால், நீங்கள் எந்தப் பக்கத்துக் கோபுரங்களின் எல்லையில் இருக்கிறீர்கள் என்று தொலைபேசி நிறுவனத்திற்குத் தெரிந்தே ஆகவேண்டும். பேசியபோது இணைந்திருந்த கோபுரம் எது என்பதும் அழைப்புப் பதிவில் ஏறிவிடும். 2021 டிசம்பரில் உரிம விதிகள் திருத்தப்பட்டபோது, நிறுவனங்கள் அப்பதிவுகளைக் காத்து வைக்கவேண்டிய காலம் ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக உயர்த்தப்பட்டது.