முதன்மைச் சாவி

‘சாவி’ போர்த்துகீசிய ‘சாவே’யிலிருந்து தமிழுக்கு வந்த சொல், நம் சொல் திறவுகோல், அதாவது திறக்கும் கோல். 1970இல் உறவுசார் தரவு மாதிரியை முன்வைத்த எட்கர் காட், அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும் புலத்தை முதன்மைச் சாவி என்றார். ஒரே மதிப்பு இருமுறை வராமையே அதன் உயிர்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில் பழைய தரவை அதன் சாவி எண்களோடு ஏற்றியபின் ‘இரட்டைச் சாவி’ப் பிழை எழுவதுண்டு. எடுத்துக்காட்டாக, அட்டவணை 500 வரை நிறைந்திருக்கும். புது வரிசைகளுக்கு எண் வழங்கும் தொடரோ 1இலேயே நின்று, இருக்கும் எண்ணையே மறுபடி நீட்டும். அதற்காகச் சாவிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடக் கூடாது. தரவுக்கு அதுவே காவல். அட்டவணையின் மிகப் பெரிய எண்ணைக் கண்டு, ‘செட்வேல்’ கட்டளையால் தொடரை அங்கே நகர்த்தினால் போதும். அடுத்த வரிசை 501 பெறும்.