வியன்னாவின் வெயில்

1905இல் லண்டன் லிஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் ஹாரியட் சிக்கைச் சேர்க்கக் கூடாது என்று அங்கிருந்தவர்களே எதிர்த்தார்கள். காரணம், அவர் பெண். நிறுவனம் சேர்த்துக்கொண்டது.

உலகப்போருக்குப் பின் பட்டினியில் கிடந்த வியன்னாவுக்கு 1919இல் அவர் போனார். எல்சி டேலியல், மார்கரெட் ஹ்யூம், ஹெலன் மக்கே, ஹன்னா ஹெண்டர்சன் ஸ்மித் என்று உடன் உழைத்தவர்களும் பெண்களே. மருத்துவமனையில் எலும்பு வலுவிழந்து கால் வளைந்த குழந்தைகள். இந்த ரிக்கெட்ஸ் ஒரு தொற்றுநோய் என்று நம்பியவர் அங்கிருந்த பேராசிரியர் பிர்க்கே. (ஆனாலும் தன் வார்டுகளை அவர்களுக்குத் திறந்துவிட்டார்; அதையும் சொல்ல வேண்டும்.) சில குழந்தைகளுக்கு மீன் ஈரல் எண்ணெய், சிலருக்கு வெயில் அல்லது புற ஊதா விளக்கு. எலும்பு தேறிவருவது எக்ஸ்-ரே படங்களில் தெரிந்தது. எண்ணெயும் வெயிலும் ஒரே வேலையைச் செய்தன.

1928இல் இத்துறையின் நோபல் பரிசு விண்டாஸுக்குப் போனது. வேதியியல் அவருடையது, மறுக்கவில்லை. ஆனால் நான் பள்ளியில் படித்த ‘சூரிய ஒளியில் வைட்டமின் டி’ என்ற வரிக்குள் ஒரு பெண்கூட இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், அந்த வைட்டமின் சிறுநீரகத்தில் ஹார்மோனாக மாறுவதைக் கண்டறிந்தார்கள். அப்போது ஹாரியட் தொண்ணூற்றைந்தைத் தாண்டியிருந்தார். 1976இல், நூறு வயதைக் கடந்தபின், வியன்னா ஆய்வின் கதையை மருத்துவ வரலாற்று இதழொன்றில் அவரே எழுதினார்.