அணைய மறுக்கும் கணினி: ஒரு சின்ன வரலாறு

கணினியை அணைப்பது ஒரு காலத்தில் மின்விசிறியை அணைப்பது மாதிரி சுலபமாகத்தான் இருந்தது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் பக்கவாட்டில் பெரிய சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும். டாஸ் காலத்தில் வேலையைச் சேமித்துவிட்டு அதைத் தட்டினால் தீர்ந்தது. மின்சாரத்தை வெட்டியது நம் கை. 'அணைய மாட்டேங்குது' என்ற புகாருக்கே இடமில்லை.

சிக்கல் வேகத்தால் வந்தது. வன்தட்டு மெதுவானது, நினைவகம் வேகமானது. எனவே எழுத வேண்டியதை நினைவகத்தில் சேர்த்துவைத்து, சற்றுப் பொறுத்து மொத்தமாக வன்தட்டில் எழுதும் முறை பரவியது. மளிகைக்கடைக்காரர் பகலெல்லாம் துண்டுச்சீட்டில் குறித்துவைத்து, கடை சாத்தும் முன் பேரேட்டில் ஏற்றுவது மாதிரி. அதற்குள் சீட்டு பறந்துவிட்டால் கணக்கு உதைக்கும். அதனால்தான் 1995-ல் வந்த விண்டோஸ் 95, கணக்கை எல்லாம் முடித்துவிட்டு 'இனி அணைக்கலாம்' என்று கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் சொன்னது. அப்போதும் பல கணினிகளில் சுவிட்சைத் தட்டியது நாம்தான்.

அதே 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு வடிவத்தைக் கொண்டுவந்தது. இதில் முன்பக்கப் பொத்தான் மின்சாரத்தை நேரடியாக வெட்டாது. மதர்போர்டுக்கு ஒரு சேதி மட்டும் சொல்லும். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ விதிமுறையை வெளியிட்டன. எப்போது அணைவது என்ற அதிகாரம் இயங்குதளத்தின் கைக்குப் போனது.

அன்றிலிருந்து ஷட் டவுன் என்பது கூட்டுக்குடும்பம் ஊருக்குக் கிளம்புகிற கதைதான். நிரல்கள், சேவைகள், டிரைவர்கள், பயாஸ் என்று எல்லோரும் தயாராக வேண்டும். ஒருவர் குளியலறையில் இருந்தாலும் வண்டி நகராது :-)

விண்டோஸ் 98 இதை வேகப்படுத்தப் பார்த்தது. சில கணினிகளில் அந்த வேகமே தொங்கலுக்குக் காரணமாகி, அதை நிறுத்திவைக்க எம்எஸ்கான்ஃபிக்கில் ஒரு கட்டம் இருந்தது. 2001-ல் வந்த எக்ஸ்பி, பதில் சொல்லாத நிரலுக்குச் சில விநாடி அவகாசம் தந்தது. அடுத்து வந்த விஸ்டா, தடுப்பது எந்த நிரல் என்று பெயரையே திரையில் காட்டியது. 2012-ல் விண்டோஸ் 8 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' கொண்டுவந்தது. இது இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் உட்பகுதி வன்தட்டில் அப்படியே பதிந்துகொண்டு அரைத்தூக்கம் போடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இந்த வரலாறு தெரிந்தால், ஊரிலிருந்து அப்பா 'பிளக்கைப் புடுங்கிரட்டுமா?' என்று கேட்கும்போது சொல்ல நமக்குப் பதில் இருக்கும்.

முதலில் வன்தட்டு விளக்கு மினுங்குகிறதா என்று கேளுங்கள். மினுங்கினால் பேரேடு எழுதப்படுகிறது, பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அப்டேட் நடப்பதாகத் திரை சொன்னாலும் அப்படியே. நிரலின் பெயரைச் சொல்லி நின்றால் கோளாறு அந்த நிரலில் இருக்கலாம். திரை இருண்டபின் விசிறி மட்டும் சுற்றினால் டிரைவர் அல்லது பயாஸ் பக்கம் பாருங்கள். பிரிண்டர், யுஎஸ்பி டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அடுத்தமுறை அணைத்துப் பார்க்கலாம். கன்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தியும் பார்க்கலாம்.

வெகுநேரமாக எந்த அசைவும் இல்லையென்றால் பவர் பொத்தானைத் தொடர்ந்து ஐந்தாறு விநாடி அழுத்திப்பிடிப்பது கடைசி வழி. பழைய சிவப்பு சுவிட்சின் மிச்சம் அதுதான்.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது தங்கையின் கல்யாணப் படங்களும் தாத்தாவின் குரலும் என்றால், அழுத்துகிற நாள் வருவதற்கு முன்பே அவற்றுக்கு வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது செய்யவேண்டிய முதல் வேலை அது.