ரேம் வாங்கும் முன் கணினியின் மூடியைத் திறந்து பாருங்கள்

ஈராண்டுக்கு முன் தம்பி எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். வீட்டில் இருந்தது அலுவலகத்தில் ஓடி ஓய்ந்த பழைய மேசைக்கணினி. 4 ஜிபி ரேம். இணைய வகுப்பு ஒரு பக்கம், கட்டுரை மறுபக்கம் என்று திறந்தால் திரை உறைந்துவிடும். “அக்கா, இன்னொரு 8 ஜிபி போட்டால் போதும்” என்றான். அப்பா 90 வெள்ளி கொடுத்தார். செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த காசு.

செயலி ஆறாம் தலைமுறை இன்டெல். ‘ஆறாம் தலைமுறை என்றால் டிடிஆர்4’ என்று எங்கோ படித்ததை நம்பி இணையத்தில் வாங்கினேன். வந்தது, செருகுவாயில் உட்காரவே இல்லை. ரேமின் அடியில் இருக்கும் சிறு வெட்டும் பலகையில் இருந்த மேடும் வேறு வேறு இடத்தில் இருந்தன. அந்தத் தாய்ப்பலகை டிடிஆர்3 வகை. உறையைப் பிரித்துவிட்டதால் விற்றவர் திரும்பப் பெறவில்லை.

தெபோங்கிலோ பத்தாங் மலாக்காவிலோ இருப்பவர் தவறான பொருளை வாங்கிவிட்டால் மாற்றுவதற்கென்றே இன்னொரு நாள் பட்டணத்துக்கு வரவேண்டும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இந்தப் பொருள் மலாக்காவுக்கு அந்நியமானதன்று. பத்து பிரண்டாம் தடையற்ற வணிக வட்டாரத்தில் 1973-இல் சீமென்ஸ் சில்லுத் தொழிற்சாலை தொடங்கியது. 1999-இல் அது இன்ஃபினியோன் ஆனது. அதன் நினைவகப் பிரிவு 2006-இல் கிமோண்டா என்ற தனி நிறுவனமாகப் பிரிந்து, 2009 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களில் அம்மா, சித்தி, அக்கா என்று யாராவது ஒருவர் அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைப் பேருந்தில் இரவு வேலைக்குப் போயிருப்பார். பழைய டிடிஆர்2 ரேமைக் கழற்றிப் பார்த்தால் கிமோண்டா என்ற பெயர் இன்றும் கண்ணில் படும்.

இனி விஷயத்துக்கு வருவோம். ரேம் எந்த வகை என்பதை முடிவு செய்வது முதலில் தாய்ப்பலகைதான். டிடிஆர்3-க்கு 240 முனைகள், 1.5 வோல்ட், அதன் குறைமின் வடிவமான டிடிஆர்3எல் 1.35 வோல்ட். டிடிஆர்4-க்கு 288 முனைகள், 1.2 வோல்ட். டிடிஆர்5-க்கும் அதே 288 முனைகள்தான், ஆனால் 1.1 வோல்ட், வெட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. பலம் கொடுத்து அழுத்தினால் பலகைதான் உடையும்.

செயலி, தான் எந்த வகையோடு பேசும் என்ற எல்லையை வைக்கிறது. இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகள் டிடிஆர்4, டிடிஆர்3எல் இரண்டோடும் பேசும். பலகை செய்தவர் எதைத் தேர்ந்தாரோ அதுதான் கிடைக்கும். நான் சறுக்கியது இங்கேதான். பழைய அலுவலகக் கணினிகளில் டெல் ஆப்டிபிளெக்ஸ் 3040, 5040 இரண்டும் டிடிஆர்3எல். அதே தலைமுறை 7040 டிடிஆர்4. பெயரில் ஓர் எண்தான் வேறு. இந்தத் தலைமுறைக்கு 1.5 வோல்ட் டிடிஆர்3 வேண்டாம், 1.35 வோல்ட் என்று எழுதியிருப்பதையே கேளுங்கள். எட்டு முதல் பதினொன்று வரை டிடிஆர்4. பன்னிரண்டு முதல் பதினான்கு வரை மறுபடியும் இரட்டை நிலை: பலகையைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. ஏஎம்டியில் குழப்பம் குறைவு. ஏஎம்4 பலகை என்றால் டிடிஆர்4, 2022-இல் வந்த ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டுமே.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. எத்தனை செருகுவாய்களில் எத்தனை நிரம்பியுள்ளன, என்ன வேகம் என்று காட்டும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் பலகையின் பெயரையும் ரேமின் வகையையும் சேர்த்தே சொல்லும். இரண்டும் புரியாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, பக்க மூடியைத் திறந்து, ரேமில் ஒட்டியுள்ள தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரரிடம் ‘ஐ5 கணினி’ என்று மட்டும் சொல்வதில் பயனில்லை. ஐ5 என்ற பெயர் 2009-இலிருந்து ஓடுகிறது.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 3200 என்று எழுதிய டிடிஆர்4 ரேமை ஐ3-8100 செயலியுள்ள சாதாரணப் பலகையில் போட்டால் 2400-இல் ஓடும்; ஐ5-8400 என்றால் 2666. கெட்டுப்போகாது, ஆனால் கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். வேகம் மாறுபட்ட இரண்டைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவரும்.

ஒரே 8 ஜிபியைவிட இரண்டு 4 ஜிபி நல்லது. செயலி இரு வழியில் ஒரே நேரத்தில் எடுக்கும். செயலிக்குள்ளேயே வரைகலை இருக்கும் கணினியில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். நான்கு செருகுவாய் இருந்தால் பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். அதற்காக ஏற்கனவே இருக்கும் 4 ஜிபியைத் தூக்கி எறிய வேண்டாம், 4-உம் 8-உம் சேர்ந்தும் வேலை செய்யும். விண்டோஸ் 32-பிட் என்றால் மட்டும் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை.

இணைய அங்காடியில் விலை மிகக் குறைவாக இருந்தால் அங்கே நின்று நிதானமாகப் படியுங்கள். மடிக்கணினிக்கான குட்டை ரேம் வழக்கமான மேசைக்கணினியில் பொருந்தாது. உள்ளங்கை அளவுள்ள சிறிய அலுவலகக் கணினிகளுக்கோ அந்தக் குட்டை வகைதான் வேண்டும். சர்வரில் கழற்றிய ‘ரெஜிஸ்டர்ட் இசிசி’ ரேம் மலிவாக வரும், வீட்டுக் கணினி அதைக் கண்டு எழும்பாது. ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று சிறு எழுத்தில் போட்ட டிடிஆர்3-ஐ இன்டெல் பலகையில் போட்டால் திரை இருட்டாகவே இருக்கும்.

வாங்கும் முன் இன்னொரு கணக்கும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஆதரவு தருவதில்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025 பிற்பாதியிலிருந்து ரேம் விலையும் ஏறியது. ஆறாம் தலைமுறைக் கணினிக்கு இன்று 16 ஜிபி வாங்குவது என் பார்வையில் தேவையற்ற செலவு. மலிவாகக் கிடைத்தால் 8 ஜிபி வரை போட்டு, லினக்ஸ் நிறுவிப் பிள்ளைகளின் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொருத்துவது ஐந்து நிமிட வேலை. மின்கம்பியைப் பிடுங்குங்கள், பெட்டியின் இரும்பை ஒருமுறை தொடுங்கள், வெட்டு நேராக இருக்கிறதா பார்த்து இரு முனையிலும் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். படம் வராவிட்டால் பதற வேண்டாம். பெரும்பாலும் ஒரு பக்கம் சரியாக இறங்கியிருக்காது; கழற்றி மறுபடியும் செருகுங்கள். புதிய டிடிஆர்5 கணினி முதல்முறை சில நிமிடம் இருட்டாக இருந்துவிட்டுத்தான் எழும்பும், இடையில் அணைத்துவிடாதீர்கள்.

தம்பிக்குப் பிறகு கடையில் பழைய டிடிஆர்3எல் ஒன்று வாங்கினோம். அந்த 90 வெள்ளி ரேம் ஓராண்டு அலமாரியில் கிடந்தது. இப்போது மெர்லிமாவில் அத்தை வீட்டு எட்டாம் தலைமுறைக் கணினியில் ஓடுகிறது, 3200 என்று எழுதியிருந்தாலும் 2400 வேகத்தில்.