கடல் குடித்த இஞ்சின்கள்



கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போனால் படகையும் மீனையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். படகின் வயிற்றுக்குள் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கைப் பார்ப்பதில்லை. இன்று அவர் தொழிலின் வரலாறு.

நம் தாத்தா காலத்தில் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கட்டுமரமும் பாயும்தான். விடியலில் கரைக்காற்றில் போய், மதியத்துக்கு மேல் கடற்காற்றில் திரும்புவார்கள். பாய் கிழிந்தால் தாங்களே தைத்துக்கொள்வார்கள். வெளியாள் தேவையில்லை.

ருடால்ஃப் டீசல் தன் இஞ்சினை ஜெர்மனியில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டியது 1897-ல். 1912-ல் டென்மார்க்கின் 'செலாண்டியா' கப்பல் டீசலில் பெருங்கடல் தாண்டியது. நம் மீனவரிடம் அது வர மேலும் 40 ஆண்டுகள் ஆயின. 1952-ல் இந்தியாவும் நார்வேயும் ஒப்பந்தம் செய்து, கொல்லம் அருகே நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் தொடங்கின. பழைய வள்ளங்களில் இஞ்சினைப் பொருத்திப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. புதுப் படகுகளையே வடிவமைத்தார்கள். தமிழ்நாட்டிலும் 1950-களில் விசைப்படகுகள் வரத் தொடங்கின.

கட்டுமரத்துக்கு வேறு சிக்கல். மரங்களைச் சேர்த்துக் கட்டியதில் இஞ்சினை வைக்க உள்ளிடம் ஏது? மணலில் ஏற்றினால் அடியிலிருக்கும் புரொப்பெல்லர் உடையும். 1979-ல் சென்னையில் அலுவலகம் அமைத்த வங்காள விரிகுடாத் திட்டத்தார், புரொப்பெல்லரைத் தூக்கிக்கொள்ளும்படியான கரையேறும் படகுகளைச் செய்து பார்த்தது இதற்காகத்தான்.

இஞ்சின் வந்ததும் மீனவர் காற்றுக்குக் காத்திருப்பது நின்றது. மெக்கானிக்குக்குக் காத்திருப்பது தொடங்கியது. பல படகுகளில் இஞ்சினைக் குளிர்விப்பது கடல் தண்ணீர்தான். அதே தண்ணீர்தான் அதை அரிக்கவும் செய்கிறது. உப்பு நீரில் செம்பும் இரும்பும் சேர்ந்தால் இரும்பு கரையும். அதற்காகவே துத்தநாகக் கட்டி பொருத்துகிறார்கள். இரும்புக்குப் பதில் அது கரைந்துபோகும். கரைந்ததை மாற்ற மறந்தால் அடுத்தது இஞ்சின்தான். பத்தாம் வகுப்பில் நாம் படித்த உலோகங்களின் வினைவரிசை நினைவிருக்கிறதா?

2004 டிசம்பர் 26. சுனாமி நம் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பிழைத்தவர்களின் படகுகள் உடைந்தன, இஞ்சின்கள் கடல்நீரில் மூழ்கின.

மூழ்கிய இஞ்சினைப் பதற்றத்தில் உடனே ஸ்டார்ட் செய்தால் போச்சு. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சும்மா கிடந்தாலும் ஆபத்து. உப்பும் காற்றும் சேர்ந்து சில நாளில் துருவேற்றிவிடும். முறை இதுதான்: இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவி, டீசலில் அலசி, பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். வீட்டில் துக்கம் நடக்கும் நேரத்தில் இதைச் செய்ய எவ்வளவு நிதானம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

சுனாமிக்குப் பின் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோதும் அதே கழுவல், அதே அலசல்.

இஞ்சினைக் கண்டுபிடித்தவர் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை நம் கரையில் ஓடவைத்துக்கொண்டிருப்பவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. முடசல்ஓடை, கிள்ளை, சோனாங்குப்பம் பக்கம் இருக்கும் மாணவர்களே, உங்கள் அப்பாவோ மாமாவோ இந்தத் தொழில் செய்திருந்தால் அவர் சொன்னதைக் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் வரலாறுதான்.