காற்றுத் துவக்கும் கல்குடாக் கடலும்

சில மாதங்களுக்கு முன் கல்குடாவுக்குச் சென்றிருந்தேன். கடற்கரையை விட்டு மேற்கே, வாகனேரிப் பக்கத்தில் பழைய நண்பர் ஒருவரின் வயல் வாடியில் ஒரு பொழுதைக் கழித்தேன். நெல் குடலைப் பருவத்தில் இருந்தது. அந்த வாசத்துக்குத்தான் யானை வரும் என்பார்கள். நண்பரின் மருமகன், க.பொ.த. உயர்தரம் படிக்கும் பையன், வாடியின் முன்னால் சாம்பல் நிறக் குழாய்த் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தான். எஸ்லோன் பைப். இலங்கையில் எந்த நிறுவனம் செய்த பிளாஸ்ரிக் குழாய்க்கும் மக்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான்.

காற்றை அடைத்துச் சுடும் பீரங்கி செய்யப்போகிறானாம். வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடி போதவில்லை. இது காசில்லாத வெடி என்றான். மாமனார் தலையை ஆட்டியபடி என்னைப் பார்த்தார். வேண்டாம் தம்பி என்று நான் சொன்னதும் அவன் திருப்பிக் கேட்டான்:

"தண்ணிக்குத் தாங்கிற பைப் காத்துக்குத் தாங்காதா, ஐயா?"

நல்ல கேள்வி. அதற்கு அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

காற்றை அமுக்கி ஆயுதமாக்கும் எண்ணம் மிகப் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியசு, வெண்கல உருளைக்குள் அமுங்கிய காற்றை வில்லாகக் கொண்டு கல்லெறியும் பொறி ஒன்றை அமைத்ததாகப் பைசாந்தியத்துப் பைலோ எழுதி வைத்திருக்கிறார். தமிழகத்திலும் மூச்சுக் காற்றால் உருண்டையை ஊதிப் பறவை அடிக்கும் நீண்ட குழல் இருந்தது. பழைய அகராதிகள் அதைச் சுங்குத்தான் என்கின்றன. மலாயாவின் சும்பித்தானோடு அந்தப் பெயர் ஒலியில் ஒத்துப்போவது தற்செயலாக இருக்க முடியாது என்றே எனக்குப் படுகிறது. மீன்வள ஆய்வாளர் சேம்சு கோர்னெல் 1924இல் தென்னிந்திய ஊதுகுழல்களைப் பற்றியும் வளரியைப் பற்றியும் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார்.

பிறகு 1780ஐ ஒட்டிய காலத்தில் சிரந்தோனி என்பவர் ஆத்திரியப் படைக்குச் செய்துகொடுத்த காற்றுத் துவக்கு வருகிறது. புகையில்லை, தீப்பொறியில்லை, ஒருமுறை நிரப்பினால் இருபதுக்கு மேற்பட்ட குண்டுகள் சுடலாம். ஆனால் நிரப்புவதற்கு ஏறத்தாழ 1,500 முறை கையால் அடிக்கவேண்டும். 1898இல் அமெரிக்கரின் வெசூவியசு என்ற கப்பல், கியூபாவின் சந்தியாகோ துறைமுகத்தின்மீது மூன்று காற்றுப் பீரங்கிகளால் வெடிகுண்டுகளை வீசியது. வெடிமருந்தின் உதைப்பைத் தாங்காமல் குழலுக்குள்ளேயே டைனமைட் வெடித்துவிடும் என்ற அச்சத்தால்தான் காற்றை நாடினார்கள். பீரங்கிகள் கப்பலோடு அசையாமல் பொருத்தப்பட்டிருந்தமையால், குறிபார்க்கக் கப்பலையே திருப்பவேண்டியிருந்தது!

இனி கல்குடாக் கடலுக்கு வருவோம்.

1942 ஏப்பிரல் 9ஆம் நாள் காலை. யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகத்தை விட்டு முன்கூட்டியே தெற்கே விலகியிருந்த விமானந்தாங்கிக் கப்பல் ஏர்மெசு, மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே நாளில் இக்கரையோரம் மூழ்கியவற்றுள் பிரிட்டிசு சார்சன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் ஒன்று. அதன் சிதைவைக் காண இன்று பாசிக்குடாவிலிருந்து சுழியோடிகள் படகேறுகிறார்கள்.

அத்தகைய வணிகக் கப்பல்களை வானிலிருந்து காப்பாற்றப் போதிய விமான எதிர்ப்புத் துவக்குகள் பிரித்தானியாவிடம் இருக்கவில்லை. அந்தப் பற்றாக்குறையில் 1940இல் பிறந்ததுதான் ஓல்மன் எறிகருவி. செய்தவர்கள் ஆயுத வணிகர்கள் அல்லர். கோர்ன்வாலில் சுரங்கத் துளைக்கருவி செய்துவந்த ஓல்மன் சகோதரர்கள். பார்வைக்கு ஓர் இரும்புக் குழாய். அடியில் அமுக்கிய காற்று, அல்லது கப்பலின் சொந்தக் கொதிகலன் நீராவி. கைக்குண்டைத் தகரக் குவளையில் வைத்துக் குழாய்க்குள் இட்டால், அது மேலே பறந்து வானில் வெடிக்கும். நீராவி அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும்? குண்டு அருகிலேயே விழும். விமானியைவிடக் கப்பற்காரர்தான் அதற்கு அதிகம் அஞ்சினார்கள் என்றாலும் மிகையாகாது. ஓய்வு நேரத்தில் அவர்கள் அதில் உருளைக்கிழங்கை இட்டு ஒருவரையொருவர் சுட்டு விளையாடியதும் உண்டு. இன்று உலகெங்கும் இளைஞர்கள் பிளாஸ்ரிக் குழாயில் செய்யும் 'கிழங்குத் துவக்கின்' முன்னோடி இதுவே எனலாம்.

ஆனால் தெசிபியசு கையாண்டது வெண்கலம். சிரந்தோனியும் ஓல்மனும் கையாண்டவை இரும்பும் உருக்கும். பையனின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நீரை எவ்வளவு அமுக்கினாலும் அது அதிகம் சுருங்காது. ஆகவே அதற்குள் சேமிப்பு இல்லை. குழாய் வெடித்தால் தண்ணீர் பீறிடும், அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்று அப்படியல்ல. அது சுருங்கிச் சுருங்கி, இழுத்துப் பிடித்த வில்லைப்போல் காத்திருக்கிறது. பி.வி.சி. விட்டுக்கொடுத்தால் கிழிவதில்லை, கண்ணாடிபோல் சிதறுகிறது, சில்லுகள் பறக்கின்றன. இந்தக் காரணத்தால் 1988இலேயே அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு நிருவாகம், நிலத்துக்கு மேலே அமுக்கிய காற்றுக்கு இக்குழாயைப் பயன்படுத்தவேண்டாம் என்று எச்சரித்தது.

குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த எண் ஏறத்தாழ 23 பாகை வெப்பத்தில் நீருக்குரியது. 43 பாகையில் அதன் வலு பாதியாகிவிடும். வாகனேரி வெயிலில் கிடக்கும் குழாய் அந்தச் சூட்டை எட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்? வெயிலில் நாட்பட்ட குழாய் நொறுங்கும் தன்மையும் பெறும். வெளியே பார்த்து மட்டும் அதை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது.

காற்றின் சத்தம் போதாது என்று கண்டவர்கள் அடுத்துச் செல்லும் இடம் இன்னும் மோசமானது. அதே குழாயில் கல்சியம் காபைட்டும் நீரும் சேர்த்து, எழும் வாயுவைக் கொளுத்தும் 'காபைட் துவக்கு' அது. வட இந்தியாவில் குரங்கு விரட்ட வயல்களில் வைத்திருந்தார்கள். 2025 தீபாவளியில் அது மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகச் சந்தைக்கு வந்தது. போபாலிலும் சுற்று மாவட்டங்களிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் கண் காயங்களோடு மருத்துவமனைகளுக்கு ஓடினர், பெரும்பாலோர் சிறுவர்கள். சிலருக்குப் பார்வை திரும்பவில்லை. வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

உழவர்மீது குறைகூற எனக்கு மனமில்லை. குறிஞ்சிப்பாட்டின் தினைப்புனத்துப் பெண் தழலும் தட்டையும் குளிரும் கொண்டு ஓட்டியது கிளியை. இவர்கள் ஓட்டவேண்டியதோ யானையை. 2023இல் மட்டும் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. மனிதர்களும் நூற்றுக்கு மேல் மாண்டனர். தீனிக்குள் வெடி மறைத்து வைக்கும் 'அக்கபட்டாசு' என்ற கொடுமையோடு ஒப்பிட்டால், இந்தப் பையன் நினைத்தது இரக்கமான வழிதான்.

இவற்றில் பாதியைத்தான் அன்று அவனிடம் சொல்ல முடிந்தது. ஏர்மெசின் கதையை விரும்பிக் கேட்டான். வெப்பக் கணக்கை நம்பாமல் கேட்டான். போபால் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. மாலையில் நான் புறப்பட்டபோது குழாய்த் துண்டுகளில் நீளமானது வரம்பின் குறுக்கே பதிக்கப்பட்டிருந்தது. மேல்வயல் நீர் அதன் வழியே கீழ்வயலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மற்றத் துண்டுகளை வாடிக்குள் வைத்திருந்தான். மாமனாரிடம் அவற்றைப் பற்றிக் கேட்டேன். "நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.