கைமாறும் அவமானம்

அவமானம் பிறர் தருவது. வெட்கம் தனக்குள் எழுவது. முதலாவதைக் கொடுத்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்பது பள்ளிக்கூடங்களின் பழைய நம்பிக்கை.

19ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் 'வெல்ஷ் நாட்' என்றொரு மரத்துண்டு இருந்தது. தாய்மொழியான வெல்ஷில் பேசி அகப்பட்ட பையனின் கழுத்தில் அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். இன்னொருவன் வெல்ஷ் பேசுவதை அவன் காட்டிக்கொடுத்தால் துண்டு அவன் கழுத்துக்குப் போய்விடும். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. இதை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டுமென்றே பெற்றோர் பலரும் விரும்பினார்கள்.

வேல்ஸின் கல்வி நிலை பற்றி 1847இல் வெளிவந்த அரசாங்க அறிக்கையை எழுதிய கமிஷனர்கள் மூவருக்கும் வெல்ஷ் தெரியாது. அந்த மொழியே முன்னேற்றத்துக்குத் தடை என்றது அறிக்கை. ஆனால் மரத்துண்டின் தீங்கையும் அதே அறிக்கைதான் பதிவு செய்கிறது: பெற்றோருடன் வெல்ஷில் பேசுகிறவர்களைப் பிடித்துத் தங்கள் தண்டனையை அவர்கள் தலையில் கட்டுவதற்காக, பிள்ளைகள் சக மாணவர்களின் வீடுகளுக்கு ஒளிந்து ஒளிந்து சென்றார்கள். ஆசிரியர் ஒருவர் தொடங்கி வைத்தால் போதும். மீதி வேலையை மாணவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

1858இல் பிறந்த ஓவன் மோர்கன் எட்வர்ட்ஸின் கழுத்திலும் இது பலமுறை தொங்கியது. 1906இல் வெளியான தம் நினைவு நூலில் அவர் பெருமைப்படும் விஷயம் ஒன்றுதான்: இன்னொருவனைப் பேசவைத்து அதை இறக்கிவைக்க அவர் ஒருபோதும் முயலவில்லை. அவமானத்தைச் சுமந்தார், வெட்கப்பட மறுத்தார். அடுத்த வருஷம், 1907இல், அவரே வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளரானார். வெல்ஷைக் கற்பிக்கும்படி பள்ளிகளைத் தூண்டினார்.

ஒரு சந்தேகம் எழலாம். எழுதும்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டை நெருங்கியிருந்தது. நினைவில் நாம் எல்லோருமே கொஞ்சம் தைரியசாலிகள். இருக்கட்டும். முதிர்ந்த வயதில் ஒருவன் எதை நினைத்து ஆறுதல் கொள்ள விரும்புகிறான் என்பதும் சரித்திரச் சான்றுதான்.

எனக்கு அக்கறை மற்றவர்கள்மீது. நண்பனைக் காட்டிக்கொடுத்து மாலைப் பிரம்படியிலிருந்து தப்பியவன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எந்த மொழியில் பேசியிருப்பான்? மரத்துண்டு பொழுது சாய்ந்ததும் ஆசிரியரின் மேஜைக்குத் திரும்பிவிடும். தப்பியவனின் வெட்கத்துக்கு அப்படித் திரும்பிப் போக இடமில்லை.